முதல் பெண் வக்கீலைப் பற்றிய கிறிஸ்தவ நாவலுக்கு நீதிமன்றக் காட்சி கட்டாயமா?

கேள்வி, ஜனவரி 9

கார்னிலியா சொராப்ஜியை வைத்து ஒரு சரித்திர நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கிறிஸ்தவ வாசகர்களுக்கானது. போதகரின் மகள், ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படிக்கிறாள், நாடு திரும்பி வக்கீல் ஆகிறாள். 1898-ல் ஒரு ஜமீன் விதவைக்காக நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுகிறாள். முந்தின இரவு முழங்காலில் நின்று செய்த ஜெபம் பலிக்கிறது. எதிர்க்கட்சி வக்கீல் மனந்திரும்புகிறான். முழுக்க எழுதி முடித்துத் தோழியிடம் கொடுத்தேன். "எல்லாம் சரி, உப்பு மட்டும் இல்ல" என்றாள். எங்கே பிசகு? வக்கீல் தொழிலில் இருப்பவர்கள் சொன்னால் நல்லது.

ஜனவரி 9, இரவு

பிசகு உங்கள் நீதிமன்றத்தில்தான். கார்னிலியாவின் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி அவர் அங்கே வக்கீலாக எழுந்து நிற்க முடியாமல் கழிந்தது. 1892-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பி.சி.எல். என்ற சட்டப் பட்டத்துக்கான தேர்வு எழுதினார். அதுவும் அவர் ஒருவருக்காகப் பல்கலைக்கழகம் தனியாக ஒரு தீர்மானம் போட்ட பிறகு. தேர்வு எழுதலாம், பட்டம் கிடையாது. பட்டம் கைக்கு வந்தது 1922-ல், அப்போது அவருக்கு வயது 55. நடுவில் 1894-ல் நாடு திரும்பி, 1897-ல் பம்பாயில் எல்.எல்.பி., 1899-ல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் வக்கீல் தேர்வு என்று வரிசையாக எழுதினார். வக்கீலாகத் தொழில் செய்யும் உரிமமான சன்னது மட்டும் கொடுக்கவில்லை. கத்தியவார், இந்தூர் சமஸ்தானங்களில் பிரிட்டிஷ் ஏஜென்ட் முன்னால் மனு வைக்கத் தனி அனுமதி இருந்தது, நீதிமன்றத்தில் வாதாட இல்லை. நீங்கள் அவருக்கு 1898-ல் கறுப்பு கவுன் மாட்டிவிட்டீர்கள். அதை அவர் அப்போதே போட்டிருந்தால் இந்த நாவலுக்கே தேவை இருந்திருக்காது.

ஜனவரி 10

"சரித்திரம் சரித்திரம்தான், நாவலுக்கு ஒரு உச்சக்கட்டம் வேண்டாமா" என்று மேலே ஒருவர் கேட்கிறார். வேண்டும்தான். எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு.

நான் சிவில் பக்கம் வேலை பார்க்கிறவள். அட்வகேட் கமிஷனராக நிறைய வீடுகளுக்குப் போயிருக்கிறேன், கோர்ட்டுக்கு வர முடியாத வயதானவர்களிடம் சாட்சியம் பதிய. அங்கே நடப்பது எந்த நாவலிலும் வரவில்லை. கட்டிலில் ஒரு பாட்டி. சுற்றி மகன்கள், மருமகள்கள், ஒரு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், குமாஸ்தா, வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர். நான் பாட்டியிடம் கேட்கிறேன், பெரிய மகன் பதில் சொல்கிறார். "அவங்கதான் சொல்லணும்" என்கிறேன். "அம்மாவுக்குக் காது கேக்காதுங்க" என்கிறார். காது நன்றாகவே கேட்கிறது என்பது மருமகள் காபி வேண்டுமா என்று மெல்லக் கேட்டபோது தெரிந்தது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு எழுத உட்கார்ந்தால் பாட்டி முதலில் கேட்டது, "நான் என்ன சொன்னா அவனுக்கு நல்லது?"

கார்னிலியாவின் வேலை முழுக்க இந்த அறைக்குள்தான். ஒரே வித்தியாசம், அங்கே பாட்டிக்கும் வக்கீலுக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது, திரைக்கு அந்தப் பக்கம் எந்த ஆணும் போக முடியாது. சொத்து உள்ளே இருக்கும் பெண்ணின் பெயரில். கணக்கு வெளியே இருக்கும் மானேஜர் கையில். பத்திரம் திரைக்கு அடியில் உள்ளே போகும், கைநாட்டோடு வெளியே வரும். உள்ளே நாட்டு வைத்தது அந்த ராணியம்மாதானா, வேலைக்காரியா, யாருக்குத் தெரியும்? உறவுக்காரர் ஒருவர் "அவங்கதான்" என்று சொன்னால் அதுதான் அடையாளம். உங்கள் உச்சக்கட்டத்தை இங்கே வைத்துப் பாருங்கள். முதல் தடவையாக ஒரு சட்டம் படித்தவர் திரையைத் தாண்டி உள்ளே போகிறார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா" என்று கேட்கிறார்.

ஜனவரி 10, பிற்பகல்

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்கணும். 1904-ல் வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸில், அதாவது தாங்களே நிர்வகிக்க முடியாத விதவைகள், சிறுவர்களின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் அரசுத் துறையில், அவருக்கு 'லேடி அசிஸ்டென்ட்' என்று ஒரு பதவி கிடைத்தது. இந்தியாவை லண்டனிலிருந்து நிர்வகித்த இந்தியா ஆபீஸுக்கு 1902-லிருந்து மனு மேல் மனு போட்டு வாங்கியது. பெயரைப் பாருங்கள், அசிஸ்டென்ட். 1907 வாக்கில் வங்காளம், பீகார், ஒரிசா, அஸ்ஸாம் நாலிலும் அவருக்கு வேலை. சுமார் 600 பெண்களும் அநாதைப் பிள்ளைகளும் அவர் உதவி பெற்றதாகச் சொல்வார்கள், அதில் பலருக்கு அவர் கட்டணமே வாங்கவில்லை என்றும் சொல்வார்கள். இத்தனையும் வக்கீல் என்ற பெயர் இல்லாமல்.

ஜனவரி 11

யானைக் கதையைச் சொல்லாமல் போனால் என்னை மன்னிக்க மாட்டீர்கள். 1934-ல் வந்த அவருடைய நினைவுக் குறிப்பான 'இந்தியா காலிங்'கில் வருவது. ஒரு யானைக்குச் சொந்தமான தோப்பில் அதை மேய விடாமல் தடுத்துவிட்டார்கள். யானை தரப்பில் கார்னிலியா. வழக்கு நடந்த இடம் மகாராஜாவின் அரண்மனையில் சிற்றுண்டி அறை. தடை உத்தரவு போட்டவரும் மகாராஜா, இப்போது விசாரிக்கிறவரும் மகாராஜா. தங்க ஊஞ்சலில் ஆடிக்கொண்டே விசாரித்திருக்கிறார், பக்கத்தில் செல்ல நாய். கடைசியில் தீர்ப்பு யானைக்குச் சாதகம், ஏனென்றால் நாய்க்குக் கார்னிலியாவைப் பிடித்துவிட்டது.

சட்டப் புத்தகம் எடுத்துப் போனவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஜெயித்ததை வீட்டுக்கு எழுதும்போது அந்த நாயைப் பற்றி எப்படி எழுதியிருப்பார்? இந்த ஒரு காட்சியை வைத்தே அவர் சிரிப்பையும் எரிச்சலையும் சேர்த்துக் காட்டிவிடலாம். உங்கள் கதையில் கார்னிலியா ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்ன சுருக்கத்தை வைத்துச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் சண்டைக்கு வாருங்கள்.

ஜனவரி 13

இப்போது ஜெபத்துக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன்.

ஒரு பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு குடும்பமும் முன் பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி. இரண்டு வீட்டிலிருந்தும் ஜெபக் குறிப்பு வந்தது, "எங்கள் வழக்கில் கர்த்தர் நியாயம் செய்ய வேண்டும்" என்று. போதகர் ரெண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார், பாவம், அவர் வேறென்ன செய்வார். தீர்ப்பு ஒரு பக்கம் வந்தது. ஜெயித்தவர் சாட்சி சொல்ல மேடை ஏறினார். தோற்றவர் வீட்டு அம்மா எழுந்து வெளியே போனதை நான் பார்த்தேன். அந்த வழக்கு போனதற்குக் காரணம் பதிவு செய்யாத ஒரு பத்திரம்.

இதைப் பார்த்த பிறகு ஜெபத்தால் வழக்கு ஜெயிக்கும் கதையை என்னால் படிக்க முடிவதில்லை. விசுவாசம் இல்லாததால் சொல்லவில்லை. எதிர்க்கட்சியும் ஜெபிக்கிறான் என்பதை அந்தக் கதைகள் மறந்துவிடுகின்றன. லூக்கா 18-ல் வரும் விதவையைப் பாருங்கள். அவள் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போனாள். அவன் தேவனுக்கும் பயப்படாதவன், மனுஷரையும் மதிக்காதவன், தொல்லை தாங்காமல்தான் நியாயம் செய்தான். ஜெபத்துக்கு உவமையாகச் சொல்லப்பட்ட கதையிலேயே நடப்பது மனுப் போடுவது! இந்தியா ஆபீஸுக்கு வருஷக்கணக்காக மனு எழுதிய கார்னிலியாவுக்கு இதைவிடப் பொருத்தமான வேதபகுதி கிடைக்காது.

ஜனவரி 13, இரவு

"அப்போ ஜெபமே வேண்டாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. முழங்காலில் நிற்கட்டும். எழுந்த பிறகும் பத்திரம் செல்லாத பத்திரமாகவே இருக்கட்டும், அவள் அதைக் கையில் எடுத்துப் படிக்கட்டும்.

ஜனவரி 16

வேறொருவர் எழுதியதற்குத் திருத்தம். "1894-லேயே இந்தியாவின் முதல் பெண் வக்கீல்" என்பது சரியில்லை, இது பல இடத்தில் சுற்றுகிறது. வரிசை இப்படி. 1916-ல் கல்கத்தாவில் ரெஜினா குஹா பதிவு கேட்டார், ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து முடியாது என்றார்கள். 1921-ல் பாட்னாவில் சுதான்ஷுபாலா ஹஸ்ரா கேட்டார், அங்கும் மறுப்பு. சட்டத்தில் வரும் 'நபர்' பெண்ணைக் குறிக்காது என்பதுதான் வாதம், இதைப் படித்துவிட்டு அன்று முழுக்க நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அதே 1921-ல் அலகாபாத் உயர்நீதிமன்றம் கார்னிலியாவை வக்கீலாகப் பதிந்துகொண்டது. 1923-ல் சட்டமே வந்தது, பெண் என்பதற்காகத் தொழில் செய்யத் தடை கூடாது என்று.

சுதான்ஷுபாலாவின் பக்கம் நின்றவர் ஒடிசாவின் மதுசூதன் தாஸ், கிறிஸ்தவரான வழக்கறிஞர். சட்டம் மாற வேண்டும் என்று அவரும் தொடர்ந்து எழுதினார். இதை எந்தக் கிறிஸ்தவ நாவலிலும் நான் பார்த்ததில்லை. தோற்றுப்போன மனுதாரரை வைத்து யாரும் நாவல் எழுதுவதில்லை போல.

ஜனவரி 17

1923-க்குப் பிறகாவது நீதிமன்றக் காட்சி வைக்கலாமா? கேள்வி நியாயமானது, எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராகி கல்கத்தாவில் தொழில் தொடங்கினார் இல்லையா. ஆனால் அங்கே அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் வழக்குக்குச் சட்டக் கருத்து எழுதிக் கொடுக்கும் வேலை. எழுந்து நின்று பேசும் வேலை ஆண்களுக்கே போனது. 1929-ல் ஓய்வு. கதவு திறந்தது, உள்ளே நாற்காலி போடவில்லை.

இதை நினைக்கும்போது எனக்கு ஒரு காட்சி தோன்றுகிறது, கற்பனைதான், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிய கருத்துரையை மறுநாள் ஒரு ஆண் பாரிஸ்டர் எடுத்து வாதாடுகிறார். பக்கத்தைத் தப்பாகப் புரட்டுகிறார். கட்சிக்காரர் பெயரை மாற்றிச் சொல்கிறார். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார் கார்னிலியா. நாலாவது பக்கம், கடைசிப் பத்தி, அதைப் படிடா என்று உள்ளுக்குள் கத்துகிறார். ஜூனியராக இருந்த எந்தப் பெண் வக்கீலைக் கேட்டாலும் இந்தக் காட்சியை உங்களுக்கு நடித்தே காட்டுவாள்.

ஆக ஜனவரி 9-ல் நான் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். நீதிமன்றம் இருக்கட்டும், அவர் வாய் திறக்காமல் இருக்கட்டும்.

ஜனவரி 20

ஒரு சபைப் பத்திரிகைக்கு நான் எழுதிய தொடர் பற்றி. பெயர் வேண்டாம். கதாநாயகி ஒரு கிறிஸ்தவப் பெண் வக்கீல், பின்னணி 1930கள். அவளிடம் வரும் கட்சிக்காரி விவாகரத்து கேட்கிற ஒரு கிறிஸ்தவ மனைவி. 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டப்படி மனைவி சோரம் போனாள் என்று நிரூபித்தால் கணவனுக்கு அது போதும். மனைவிக்குக் கணவன் சோரம் போனது மட்டும் போதாது, கூடவே கொடுமை, கைவிட்டுப் போனது என்று இன்னொன்றும் வேண்டும். இந்த ஓரவஞ்சனை 2001-ல்தான் போனது. என் கதாநாயகி அந்தக் கட்சிக்காரியிடம், "நீ சொல்றது எல்லாம் உண்மை, ஆனா சட்டத்துக்கு இது பத்தாது" என்று சொல்ல வேண்டிய இடம். எழுதும்போது எனக்கே கை நடுங்கியது.

ஆசிரியர் கூப்பிட்டார். "இந்த அத்தியாயத்துல புருஷன் மனம் மாறி வந்துடட்டுமே, வாசகர்களுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார். தொடரை நிறுத்திக்கொண்டேன். இன்றும் அவர் மேல் கோபமில்லை, அவர் தன் வாசகர்களை நினைத்தார். ஆனால் அந்த மனைவியும் அவருடைய வாசகிதானே?

ஜனவரி 20

நல்ல செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 1865-ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டத்தில் இந்தியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். திருவிதாங்கூரில் கதை வேறு, அது தனியாக எழுத வேண்டியது.

ஜனவரி 24

எழுத வேண்டியது என்றேன், எழுதுகிறேன். திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், 1916. மகளுக்கு மகனின் பங்கில் கால்பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 'எது குறைவோ' என்று எழுதிய பேனாவை நினைத்துப் பாருங்கள். இது 1986 வரைக்கும் ஓடியது. மேரி ராய் போட்ட வழக்கில் உச்சநீதிமன்றம்தான் நிறுத்தியது, 1951-லிருந்தே அந்தச் சட்டம் செல்லாது என்று. அந்தத் தீர்ப்பை எதிர்த்தவர்களில் சபைத் தலைவர்களும் இருந்தார்கள்.

எண்ணாகமம் 27 இவர்கள் வீட்டிலும் இருந்திருக்கும். செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், ஆசரிப்புக் கூடார வாசலில் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் எதிரே நின்று எங்கள் அப்பாவின் காணியாட்சியில் எங்களுக்குப் பங்கு கொடு என்று கேட்டார்கள். கர்த்தர் அவர்கள் கேட்பது சரி என்றார். வக்கீல் வைக்காமல் தாங்களே வாதாடி ஜெயித்த வழக்கு, அதுவும் சட்டத்தையே மாற்றிய வழக்கு. நம் பிரசங்கங்களில் எஸ்தர் வருவாள், ரூத் வருவாள், இந்த ஐந்து பேர் வருவது அபூர்வம். சொத்துப் பேச்சு ஆயிற்றே.

ஆனால் 36-ம் அதிகாரத்தையும் படித்துவிடுங்கள். கோத்திரத்துப் பெரியவர்கள் மேல்முறையீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், இவர்கள் வேறு கோத்திரத்தில் கட்டிக்கொண்டால் நிலம் போய்விடுமே என்று. சரி, சொந்தக் கோத்திரத்திலேயே கட்டிக்கொள்ளட்டும் என்று நிபந்தனை வருகிறது. தீர்ப்பு வாங்கிவிட்டு வெளியே வந்தால் அண்ணன்மார் வேறு மனுவோடு நிற்பார்கள் என்பது சிவில் வக்கீல் எல்லாருக்கும் தெரிந்த அனுபவம்.

ஜனவரி 25

நீதிமன்றக் காட்சிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் கார்னிலியாவை விட்டுவிட்டு அன்னா சாண்டியை எடுங்கள். 1905-ல் பிறந்தவர், சிரியன் கிறிஸ்தவர், 1929-லிருந்து வக்கீல், குற்ற வழக்குகளில் பெயர் எடுத்தவர். 1937-ல் திவான் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் முன்சீப். 1948-ல் மாவட்ட நீதிபதி. 1959-ல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி, இந்தியாவில் உயர்நீதிமன்றத்தில் உட்கார்ந்த முதல் பெண். 'ஸ்ரீமதி' என்று பெண்களுக்கான பத்திரிகையும் நடத்தினார். 1931-ல் சட்டசபைத் தேர்தலுக்கு நின்றபோது அவரைப் பற்றிச் சுவரிலும் பத்திரிகையிலும் எழுதாத அசிங்கம் இல்லை, தோற்றார். அடுத்த வருஷம் நின்று ஜெயித்தார்.

இவரிடம் எனக்கு மிகவும் பிடித்த, கூடவே சங்கடப்படுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. திருவிதாங்கூரில் பெண்களுக்குத் தூக்கு கிடையாது என்று ஒரு விலக்கு இருந்தது. அன்னா சாண்டி அதை எதிர்த்தார். சலுகையை வாங்கிக்கொண்டு சமத்துவம் கேட்க முடியாது என்பது அவர் கட்சி. ஒரு கிறிஸ்தவ நாவலாசிரியர் இதை எப்படி எழுதுவார்? இரக்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், தனக்குக் காட்டும் இரக்கம் வேண்டாம் என்று சொல்கிற பெண்ணை எங்கே வைப்போம்? எனக்கு விடை தெரியாது. நல்ல நாவல் இந்த இடத்தில்தான் தொடங்கும் என்று மட்டும் தோன்றுகிறது.

ஜனவரி 26

சிறு குறிப்பு. அன்னா சாண்டியின் கணவர் போலீஸ்காரர். மனைவி குற்றவாளிக்கு வக்கீல், கணவர் போலீஸ். இதை வைத்து ஒரு நகைச்சுவை அத்தியாயம் எழுதாவிட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.

பிப்ரவரி 2

ஒரு அன்பர், "தமிழில் இப்படி ஒரு மரபே இல்லையே, எல்லாம் ஆங்கில மிஷனரி நாவல் பாணிதான்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, தமிழின் முதல் நாவலை எழுதியவரே மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கிறிஸ்தவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1879, 'பிரதாப முதலியார் சரித்திரம்'. அதில் ஞானாம்பாள் ஆண்வேஷம் போட்டு விக்கிரமபுரிக்கு அரசனாகி நீதி பரிபாலனம் செய்கிறாள். பெண்ணுக்குப் பல்கலைக்கழகக் கதவு சரியாகத் திறக்காத காலத்தில், தினமும் பிராதும் சாட்சியுமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு முன்சீப் தன் கதையில் தீர்ப்பு சொல்லும் இடத்தைப் பெண்ணுக்குக் கொடுத்தார். வேஷம் போட்டுத்தான் கொடுக்க முடிந்தது, சரி. தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் தமிழ் வக்கீல் தமிழ் ஜட்ஜ் முன்னால் இங்கிலீஷில் வாதாடுவதையும் அதே புத்தகத்தில் விளாசியிருக்கிறார். கட்சிக்காரனுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாதே என்பது அவர் கேள்வி. இன்னும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது, நேற்றுகூட என் கட்சிக்காரம்மா வெளியே வந்து, "நமக்கு நல்லதா சொன்னாரா கெட்டதா சொன்னாரா" என்று கேட்டார். வாய்தா போட்டிருந்தார்கள்.

அந்த முன்சீப் மதம் மாற்றும் காட்சி எதுவும் வைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கடவுள் பக்தி பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது, சபை விளம்பரம் இல்லை.

பிப்ரவரி 5

மதம் மாற்றம் என்றதும் எதிர்க்கட்சி வக்கீல் ஞாபகம் வந்தார். அவரை மாற்றாதீர்கள். கார்னிலியாவின் சொந்தக் குடும்பத்திலேயே மதம் மாறிய கதை இருக்கிறது, அதற்கு விலையும் இருக்கிறது. அப்பா பார்சியாகப் பிறந்து, வீட்டாரின் கடும் எதிர்ப்பை மீறிக் கிறிஸ்தவரானவர். அம்மா ஃபிரான்சினா ஆங்கிலேயத் தம்பதியால் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர், பூனாவில் பள்ளிக்கூடம் நடத்தியவர். கார்னிலியா என்ற பெயரே அந்த வளர்ப்புப் பாட்டியின் பெயர். இந்தப் பிள்ளைகள் பார்சியும் இல்லை, இந்துவும் இல்லை, ஆங்கிலேயரும் இல்லை. எல்லா வீட்டுக்குள்ளும் போகலாம், எதுவும் தன் வீடு இல்லை. அவருடைய எழுத்தைப் படித்தால் ஆசாரமான இந்துப் பெண்களின் பக்தியை அவர் எவ்வளவு மதித்தார் என்பது தெரியும். திரைக்குள் போனவர் பைபிள் நீட்டியிருந்தால் அடுத்த வீட்டுத் திரை அவருக்குத் திறந்திருக்காது.

பிப்ரவரி 6

இதையும் மறைக்கக் கூடாது. 1927-ல் அமெரிக்கரான காத்தரீன் மேயோ இந்தியச் சமூகத்தைத் தாக்கி எழுதிய 'மதர் இந்தியா' வந்தபோது, காந்தி சாக்கடை இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட் என்று சொன்ன புத்தகம் அது, கார்னிலியா அதற்கு ஆதரவாகப் பேசினார். காங்கிரஸ் இயக்கத்தையும் காந்தியையும் அவர் ஏற்கவே இல்லை. சாம்ராஜ்யத்தின் விசுவாசி. அதனால் அவரோடு சேர்ந்து வேலை செய்தவர்களே விலகிப்போனார்கள். 1954-ல் லண்டனில் இறந்தபோது இங்கே அவரை நினைத்தவர்கள் குறைவு. அலகாபாதில், ஏற்கெனவே திருமணமான ஒரு ஆங்கிலேய நீதிபதியோடு அவருக்கு இருந்த நெருக்கத்தையும் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள்.

கிறிஸ்தவப் பதிப்பகம் இந்த ரெண்டையும் வெட்டச் சொல்லும். காதலை வெட்டினால்கூட நான் சும்மா இருப்பேன். அரசியலை வெட்டினால் ஆள் காணாமல் போய்விடுவார். திரைக்குள் இருக்கும் பெண்களை யாரைவிடவும் நெருக்கமாகப் பார்த்தவர், அந்தப் பெண்களின் நாடு தானே ஆளலாம் என்பதை மட்டும் நம்ப மறுத்தார். ஏன்? பட்டம் கொடுக்க மறுத்தவர்களும் ஆங்கிலேயர்கள், படிக்கப் பணம் திரட்டிக் கொடுத்தவர்களும் ஆங்கிலேயர்கள், அதில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலும் உண்டு. இங்கே வக்கீல் அறையில் நாற்காலி கொடுக்காதவர்களில் சுதேசிகளும் இருந்தார்கள். இதை நியாயப்படுத்தவும் வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம், எழுதினால் போதும்.

பிப்ரவரி 6, இரவு

இல்லை, காதலையும் வெட்டாதீர்கள். யோசித்துப் பார்த்தேன். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிற ஒரு பெண் அந்த வாரம் எந்த மனதோடு போயிருப்பார் என்பதை எழுதாமல் அது என்ன கிறிஸ்தவ நாவல்?

பிப்ரவரி 14

புது ஏழாம் அத்தியாயம் படித்தேன், அனுப்பியதற்கு நன்றி எல்லாம் அப்புறம். திரைக்குள் போகிற காட்சி நன்றாக வந்திருக்கிறது. ராணியம்மா பத்திரத்தைப் பற்றிக் கேட்காமல், "உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, யார் உன்னைத் தனியாக அனுப்பினது" என்று கேட்பது ரொம்பச் சரி, என்னையும் எல்லாப் பாட்டிகளும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

இரண்டு விஷயம் மாற்றுங்கள். ஒன்று, பத்திரத்தை அவர் ஒரே மூச்சில் படித்து விளக்குகிறார், அப்படி நடக்காது. ஒரு வரி, ஒரு கேள்வி, நடுவில் ஊர்க்கதை, மறுபடி முதல் வரி. திரைக்குள் இருக்கும் பெண் கையெழுத்திட்ட பத்திரத்தில், அவளுக்கு அது புரிந்துதான் இட்டாள் என்று நிரூபிக்கும் பொறுப்பு பத்திரத்தால் பலன் பெறுகிறவன் தலையில் என்று அந்தக் கால நீதிமன்றங்களே சொல்லியிருக்கின்றன. அதனால் மானேஜர் வெளியே நின்று "புரிஞ்சுதா ராணியம்மா" என்று உரக்கக் கேட்பான், காதில் விழுகிற மாதிரி, சாட்சிக்காக. அந்தக் குரலை வையுங்கள்.

இரண்டாவது, ராணியம்மாவை நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி எதிர்க்கட்சி மிரட்டும் இடம். வர வேண்டியதில்லை. வழக்கப்படி வெளியே வராத பெண்களை நேரில் ஆஜராக வற்புறுத்த முடியாது என்று 1908 சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே 132-ம் பிரிவு இருக்கிறது. கமிஷன்தான் வீட்டுக்கு வரும். அப்போது கமிஷனருக்கான பணத்தை யார் கட்டினார்கள் என்பதை எழுதுங்கள். கமிஷன் கேட்ட கட்சிதான் கட்டணும், கடைசி நாள் வரைக்கும் கட்ட மாட்டார்கள், குமாஸ்தா பேட்டாவுக்காக மூன்று தடவை நடப்பான். அந்தக் குமாஸ்தாவுக்கு ஒரு பெயரும் நல்ல வாயும் கொடுங்கள், எட்டாம் அத்தியாயத்தை அவனே இழுத்துக்கொண்டு போவான்.